உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா?

கோயமுத்தூர்,
12.6.1995

அன்பு மகள் ரேணுவுக்கு,

நைனா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நாசிக்கில் நீ, மாப்பிள்ளை ஸ்ரீனிவாஸ், பேத்தி ஷ்ரவ்யா மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே மழை பிடித்துவிட்டதா? இங்கே காற்றுதான் அடிக்கிறது. சிறுவாணித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை வருகிறது.

முதலில் ஒரு செய்தி. உன் நைனா இப்போது பாரிஜாத நகர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சிரிக்காதே. முப்பத்து நாலு வருஷம் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவனுக்கு, ரிட்டயரான பிறகு கிடைத்த முதல் உத்தியோகம் இது. சங்கம் எதற்கு என்றால் திருட்டுக்கு. ஜனவரியிலிருந்து இதுவரை நம் நகரில் மட்டும் பதினொன்று. வீடு வீடாகப் போய்க் கேட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன். சைக்கிள் நான்கு, தண்ணீர் மோட்டார் இரண்டு, பூட்டிய வீட்டை உடைத்தது இரண்டு, சங்கிலிப் பறிப்பு மூன்று.

ஸ்டேஷனில் போய்க் கேட்டால் ரைட்டர் மூன்றுதான் என்கிறார். "அப்ப மிச்சம் எட்டு?" என்றேன். "புகார் எழுதாத திருட்டு திருட்டே இல்லீங் சார். எல்லாத்தையும் எழுதிப்போட்டா உங்க ஏரியாவுக்குத்தானுங்க கெட்ட பேரு. நாளைக்கு எடம் வெல போகோணுமில்லீங்களா?" என்று சொல்லி, டீ வேறு வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மில்லில் ஆயிரம் கதிருக்கு இத்தனை இழை அறுகிறது என்று எழுதி வைக்காமல் ஒரு மெஷினைக்கூடச் சரி செய்ய முடியாது. எழுதாவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா?

நம் வீட்டு மாடியில் குடியிருந்த பேங்க்காரர் குடும்பம் பயந்துபோய்க் காலி செய்துவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளியங்கிரி, அதுதான் லேத் பட்டறை வைத்திருக்கிறாரே, அவர் தெரு முழுக்க இரும்பு கேட் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். திருடனை வாழ்த்துகிற ஒரே ஆள் அவர்தான்.

பொங்கலுக்கு வந்தபோது நீ மெலிந்திருந்தாய் என்று உன் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தீபாவளிக்கு மூவரும் அவசியம் வர வேண்டும்.

பிரியமுள்ள நைனா,
கோவிந்தராஜுலு


நாசிக்,
3.7.1995

அன்புள்ள நைனாவுக்கும் அம்மாவுக்கும்,

ரேணு வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செயலாளர் அவர்களுக்கு என் வாழ்த்து! ரைட்டர் டீ வாங்கிக் கொடுத்ததைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஷ்ரவ்யா உள்ளேயிருந்து ஓடி வந்து, "என்னாச்சும்மா?" என்று பயந்து கேட்டாள்.

கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னியுங்கள். குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டில் சுளுக்கு. பெரிதாக ஒன்றுமில்லை.

இங்கே திருட்டுப் பயம் கிடையாது. ஆனாலும் இவர் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டுதான் போகிறார். மேல்வீட்டில் கயல்விழி அக்கா இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். அவர் வீட்டுக்காரர் ராணுவத்தில் அவில்தார். மதியம் பள்ளிக்கூடம் விட்டு வரும் ஷ்ரவ்யாவை, இவர் மூன்றரைக்குத் திரும்பும்வரை அந்த அக்காதான் வைத்துக்கொள்கிறார். இந்தக் கடிதத்தையும் ஜன்னல் வழியாக அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன்.

நைனா, மாடி வீட்டை அவசரப்பட்டு யாருக்கும் விட வேண்டாம். அதன் படி வெளிப்பக்கமா, வீட்டுக்குள்ளிருந்தா? மறந்துவிட்டது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டா? நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் ஏதாவது வந்திருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன். உங்கள் கடிதம் படித்ததும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது.

அம்மா, நீங்கள் காலையில் வாசலுக்குப் போகும்போது முந்தானையைப் போர்த்திக்கொண்டு போங்கள்.

அன்பு மகள்,
ரேணு


கோயமுத்தூர்,
15.7.1995

அன்பு மகள் ரேணுவுக்கு,

நைனாவின் ஆசீர்வாதம். நாங்கள் சுகம். உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? சுளுக்கெண்ணெய் போட்டுத் துணியால் கட்டச் சொல்கிறாள் அம்மா. குளியலறைத் தரையைச் சொரசொரப்பாக்கித் தரும்படி வீட்டுச் சொந்தக்காரரிடம் மாப்பிள்ளை சொல்லட்டும்.

நீ கேட்டதற்குப் பதில். மாடிப்படி வெளிப்பக்கம். கதவு தேக்கு. உள்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு தாழ்ப்பாள். படி ஏறும் இடத்தில் வெள்ளியங்கிரி புதிதாக ஒரு கிரில் கேட் போட்டிருக்கிறார். அடுத்த தெருவில் ஒரு நல்ல பள்ளிக்கூடம், ஐந்தாவது வரை. நீ சொன்னபடி யாருக்கும் விடவில்லை. உனக்கு இத்தனை அக்கறை என்று நினைக்கவே இல்லை.

மாப்பிள்ளை வெளியே பூட்டிவிட்டுப் போவது பற்றி. முன்யோசனையுள்ள மனிதர் என்பது இதில்தான் தெரிகிறது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் அம்மா மட்டும், "தீப்பிடிச்சுக்கிச்சுன்னா புள்ள எப்பிடி வெளிய வருவா?" என்று கேட்டாள். உன் அம்மா எதற்குத்தான் பயப்படவில்லை.

நோட்டில் இப்போது பன்னிரண்டு. மூன்றாவது வீதியில் கொடியில் காய்ந்த பட்டுப் புடவையை உருவிக்கொண்டு போயிருக்கிறான்.

மாப்பிள்ளைக்கும் இரண்டு வரி: ஏனுங்க மாப்பிள்ளை, தீபாவளிக்குப் பத்து நாள் லீவு போட்டு வரோணும். மாடி வீடு உங்களுக்காகவே காலியாக இருக்கிறது.

பிரியமுள்ள நைனா


நாசிக்,
28.8.1995

அன்புள்ள நைனாவுக்கு,

ரேணு எழுதுவது. உங்களுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம். ஷ்ரவ்யாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்துக்கொள்கிறாள்.

ரொம்ப நாளாக எழுதவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கடிதங்கள் என் கைக்கு வர நாளாகிறது. இனிமேல் கயல்விழி அக்கா பெயருக்கு எழுதுங்கள். உறையின் பின்னால் கோடியில் சின்னதாக 'ரே' என்று போட்டால் போதும், அவர் கொடுத்துவிடுவார். மாடி வீட்டைப் பற்றி மாப்பிள்ளைக்கு எழுத வேண்டாம். அவருக்கு வேலையில் நூறு தொல்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். எனக்கு இங்கே ஒரு சிநேகிதி. கோயமுத்தூர்க்காரிதான். ஒரு பெண் குழந்தை. சில காரணங்களால் புருஷன் இல்லாமல் குழந்தையோடு தனியாக வந்து ஊரில் இருக்கலாமா என்று யோசிக்கிறாள். நம் நகரைப் போன்ற இடத்தில் ஒரு பெண் தனியாக இருக்க முடியுமா? சாயங்காலம் வேலை விட்டு நடந்து வர முடியுமா? அக்கம்பக்கத்தில் என்ன பேசுவார்கள்? நீங்கள்தான் நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்களே. உள்ளது உள்ளபடி எழுதுங்கள். அவள் உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.

அன்பு மகள்,
ரேணு


கோயமுத்தூர்,
9.9.1995

அன்பு மகள் ரேணுவுக்கு,

நைனா ஆசீர்வாதம். பேத்தியின் பொக்கை வாயை நினைத்து நானும் அம்மாவும் இரண்டு நாள் சிரித்தோம். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

உன் சிநேகிதிக்கு உள்ளது உள்ளபடியே எழுதுகிறேன். நோட்டில் இன்றுவரை பதினாலு. அதில் ஒன்பது, ஆண்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் நடந்தவை. சங்கிலி பறிகொடுத்த நால்வரும் தனியாகப் போன பெண்கள். மெயின் ரோட்டிலிருந்து நம் வீதி வரை கம்பத்தில் நான்கு விளக்கு உண்டு, எரிவது ஒன்று. மனுக் கொடுத்து மூன்று மாதமாகிறது. அக்கம்பக்கத்தார் நல்லவர்கள்தான், ஆனால் புருஷன் எங்கே என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

ஆகவே ஒரு பெண் சின்னக் குழந்தையோடு இங்கே தனியாக இருப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சில காரணங்கள் என்று எழுதியிருக்கிறாய். எந்தக் குடும்பத்தில் இல்லை? கொஞ்சம் பொறுத்துப் போகச் சொல். புருஷனோடு இருப்பதுதான் ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு. பெற்ற தகப்பனாக இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்.

தீபாவளிக்கு டிக்கெட் போட்டாயிற்றா?

பிரியமுள்ள நைனா


கோயமுத்தூர்,
6.10.1995

அன்பு ரேணுவுக்கு,

நைனாவின் ஆசீர்வாதம். நீ கடைசியாக எழுதி நாற்பது நாளாகிறது. நடுவில் இரண்டு கார்டு போட்டேன். தபாலில் கோளாறா, உடம்புக்கு ஏதாவதா என்று தெரியவில்லை. நான் ஏதும் தவறாக எழுதிவிட்டேனா என்றும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் புலப்படவில்லை. வெள்ளியங்கிரி வீட்டு போன் நம்பர் உன்னிடம் இருக்கிறதே, ஒரு வார்த்தை பேசக்கூடாதா?

அம்மாவுக்குக் கொஞ்சம் கழுத்துப் பிடிப்பு. அதனால் இந்தத் தடவை கீழே தன் ஆசீர்வாத வரியை எழுதவில்லை. பயப்பட ஒன்றுமில்லை.

நலம் என்று ஒரு வரி எழுதினாலும் போதும் கண்ணு.

நைனா


கோயமுத்தூர்,
14.10.1995

ரேணு கண்ணுக்கு,

அம்மா ராமாமணி எழுதுவது. உன் நைனா எழுதும் கடிதத்தின் அடியில் 'அம்மா ஆசீர்வாதம்' என்று ஒரு வரி போடுவதோடு சரி, தனியாக நான் எழுதி எத்தனையோ வருஷம். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

எனக்குக் கழுத்துப் பிடிப்பு என்று அவர் எழுதினாராம். நீ பயப்படுவாய் என்று அப்படி எழுதியிருக்கிறார். நடந்தது இதுதான். செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி காலை ஆறரை மணிக்கு வாசல் குழாயில் சிறுவாணித் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் குடம். பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். கொடி உடனே அறவில்லை. என்னையும் நாலு அடி இழுத்துக்கொண்டுதான் அறுந்தது. கழுத்தில் ஏழு தையல். இப்போது பிரித்தாயிற்று, நன்றாக இருக்கிறேன்.

தெருவே கூடிவிட்டது ரேணு. வெள்ளியங்கிரி சம்சாரம் தன் சேலையால் என் கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பேசிப் பழகாதவர்கள்கூட ஓடி வந்து, "யாருங்க்கா அது? ஆள் எப்பிடி இருந்தான்? எந்தப் பக்கம் போனான்?" என்று கேட்டார்கள். ஸ்டேஷன் ரைட்டர் வீட்டுக்கே வந்து எழுதிக்கொண்டு போனார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கொடி போச்சே, தாலி போச்சே என்றார்கள். உன் நைனா மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வலிக்குதா? வலிக்குதா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் மஞ்சள் கயிறு வாங்கி வந்து கட்டினார். முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்துவிட்டது.

படுத்திருந்த நாளெல்லாம் உன் ஞாபகம்தான். பொங்கலுக்கு வந்தபோது நீ குளித்துவிட்டு வந்தாய். மேல்கையில் நாலு விரல் பதிந்த மாதிரி நீலம். நான் பார்த்தேன். நான் பார்த்ததை நீயும் பார்த்தாய். அப்போது நான் என்ன கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "பொடவைக்குக் கஞ்சி போட்டயா?" என்று கேட்டேன்.

என் கழுத்தில் காயம் என்றதும் தெருவே கூடி யார் செய்தது என்று கேட்டது. உன்னை யாரும் கேட்கவில்லை. பெற்ற நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். யார் செய்தது ரேணு? எத்தனை நாளாக?

உன் நைனா எதை எழுதினாலும் கார்பன் வைத்து நகல் எடுப்பாரே, உன் சிநேகிதிக்கு அவர் எழுதிய பதிலை அப்படித்தான் நேற்று படித்தேன். அது அவர் பதில். என் பதில் வேறு. அவளைக் குழந்தையோடு கிளம்பி வரச் சொல். மாடி காலியாகத்தான் இருக்கிறது. கொடி போன கழுத்தோடு நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்பதையும் அவளிடம் சொல்.

உன் அம்மா


நாசிக்,
29.10.1995

அம்மா,

உங்கள் கழுத்துக் காயம் முழுதாக ஆறிவிட்டதா? குடம் தூக்காதீர்கள்.

சிநேகிதி யாரும் இல்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்து வருஷமாக. ஷ்ரவ்யாவுக்கு ஒரு வயது முடிந்ததிலிருந்து. முதலில் எப்போதாவது, இப்போது எந்த நாள் என்று சொல்ல முடியாது. மணிக்கட்டு சுளுக்கு இல்லை. பால்காரரிடம் சிரித்துப் பேசினேன் என்று இவர்தான் முறுக்கினார். அடித்துவிட்டு அடுத்த நிமிஷம் ஷ்ரவ்யாவை மடியில் வைத்துக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுப்பார். வெளியே எல்லோரிடமும் அத்தனை மரியாதை. யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள் என்று எனக்கே தோன்றும். மாடி வீடு பற்றி நைனா எழுதிய கடிதத்தை அவர் படித்துவிட்டார். அன்றிலிருந்து வாசலுக்கு இரண்டு பூட்டு. பின்கதவுக்கும் ஒன்று. தீபாவளிக்கு ஊருக்கு விடவும் இல்லை.

நைனாவின் கடிதம் பார்த்த பிறகு என்னால் எழுத முடியவில்லை. அவர்மேல் கோபம் இல்லை அம்மா. அவர் கேள்விக்குத்தான் பதில் எழுதினார். நான்தான் கேள்வியை ஒழுங்காகக் கேட்கவில்லை.

போன வாரம் ஷ்ரவ்யா பொம்மையை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று அதன் வாயைப் பொத்தி, "அழுகாத, அப்பாவுக்குக் கேட்டுரும்" என்றாள். அதைக் கேட்ட பிறகு என்னால் இங்கே இருக்க முடியாது. என் கையில் சாவி இல்லை. நைனாவிடம் நீங்களே சொல்லுங்கள். அவருக்கு இவர் என்றால் உயிர். எனக்கு எழுதத் தெரியவில்லை.

ரேணு


கோயமுத்தூர்,
6.11.1995

என் தங்கமே ரேணு,

உன் கடிதத்தை அம்மா என் கையில் கொடுக்கவில்லை. எதிரில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். முடித்துவிட்டு, "இதயும் உங்க நோட்டுல எழுதோணுங்களா, வேண்டாங்களா?" என்று கேட்டாள். மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்துகொண்டேன். வெள்ளியங்கிரி வந்து கூப்பிடும்வரை அங்கேதான் இருந்தேன்.

மில்லில் தவறு செய்த ஆளிடம் எழுதி வாங்குவது என் வழக்கம். அதனால் நானும் எழுதிக் கொடுக்கிறேன். செப்டம்பர் ஒன்பதாம் தேதி நான் எழுதியது தவறு. புருஷனோடு இருப்பதுதான் பாதுகாப்பு என்றது தவறு. பொறுத்துப் போகச் சொன்னது தவறு. பூட்டுப் போட்ட மனிதனைக் கூட்டத்தில் மெச்சிப் பேசியது எல்லாவற்றையும்விடத் தவறு. இப்படிக்கு, கோவிந்தராஜுலு.

இனி நடக்க வேண்டியது. நானும் அம்மாவும் பதினாலாம் தேதி ரயில் ஏறுகிறோம். கல்யாணில் வண்டி மாறி, பதினாறாம் தேதி வியாழக்கிழமை மதியம் உன் வீட்டு வாசலில் இருப்போம். நீ மூட்டை முடிச்சு எதுவும் கட்ட வேண்டாம். உன் டிகிரிச் சான்றிதழையும் ஷ்ரவ்யாவின் பள்ளிக்கூடக் காகிதங்களையும் மட்டும் அந்தக் கயல்விழி அம்மணியிடம் கொடுத்து வை. அதுவரை எதுவும் பேசாதே, எதற்கும் எதிர்த்து நிற்காதே.

நம் தெருவில் திருட்டு உண்டு. அதை நான் மறைக்கவில்லை. நாளைக்கும் இருக்கும். ஆனால் இந்த வீட்டுக்குள் உன்மேல் ஒரு கை ஓங்காது. இது உன் நைனாவின் வார்த்தை.

பத்து நாள் பொறுத்துக்கொள் கண்ணு. வாரோம்.

நைனா


கோயமுத்தூர்,
11.2.1996

அன்புள்ள கயல் அக்காவுக்கு,

ரேணு எழுதுவது. நீங்களும் அண்ணாவும் நலம்தானே? அண்ணாவுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டதா? ஷ்ரவ்யா தினமும் உங்களைக் கேட்கிறாள். உங்கள் வீட்டு ரவை உருண்டை மாதிரி இங்கே யாருக்கும் செய்யத் தெரியவில்லையாம்.

எங்களைக் கூட்டிப்போக வந்த அன்றைக்கு நைனா ஜன்னலோரம் நின்று அத்தனை நேரம் என்ன பேசினார் என்று கேட்டிருந்தீர்கள். பூட்டை உடைக்கலாம் என்று நீங்கள் சொன்னபோது, "வேண்டாமுங்க அம்மணி. அவரே வந்து தொறக்கட்டும். தொறக்கறப்ப நான் பாக்கோணும்" என்றாரே, அதற்குப் பிறகு கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரமும் பேசியது மாடிக்குச் சுண்ணாம்பு அடித்த கதைதான். "நீலம் அடிக்கச் சொன்னனா, அந்த ஆளு பச்சையடிச்சுபோட்டான் கண்ணு. உனக்குப் புடிக்கலீன்னா மாத்திப்போடலாம்" என்றார். அம்மா வாசல் திண்டில் உட்கார்ந்து ஷ்ரவ்யாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இவர் வந்து, "வாங்க மாமா, எப்ப வந்தீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாரே தவிர, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டைத் தொடாமல் நின்றார். நைனா குரலை உயர்த்தவே இல்லை. "தொறங்க மாப்பிள்ளை. நாங்க ஊட்டுக்குப் போகோணும்" என்றார். அவ்வளவுதான். அங்கே அழாதவர் ரயில் ஈரோடு தாண்டிய பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்கழியில் மாமனார் பல்லடத்திலிருந்து இவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். "புருஷன் பொஞ்சாதிக்குள்ள ஆயிரம் இருக்குமுங்க. நீங்க பெரிய மனுசர், புத்தி சொல்லி அனுப்பிவெய்யுங்க சம்பந்தி" என்றார். நைனா, "உக்காருங்க, காபி சாப்பிடுங்க. ஆனா இதுல பேசறதுக்கு நான் ஆளில்லீங்க. ரேணுதான் பேசோணும்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எப்படியோ, "நான் வரலீங்க மாமா" என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. அவர் அறைந்து என் பல் உடைந்தது, கை முறுக்கியது, பூட்டு மூன்று, எல்லாம் சொன்னேன். மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர், "ரேணு, உள்ள வா, தனியாப் பேசிக்கலாம்" என்றார். "இங்கயே பேசுங்க" என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். ஊரிலுள்ள அத்தனை பேர் புகாரையும் எழுதிக் கொடுக்கிற நைனா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். நான்தான் எழுதினேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்குதாம்மா? பேப்பர் வேணும்னா தாரேன்" என்றார். வக்கீலும் பார்த்தாயிற்று. நாளாகும் என்கிறார். ஆகட்டும்.

தெருவில் பேசாமல் இல்லை. "வீட்டுக்காரர் எப்ப வாரார்?" என்று கேட்கிறார்கள். "வரமாட்டாருங்க" என்று அம்மாவே சொல்லிவிடுகிறாள். வெள்ளியங்கிரி அண்ணன் சம்சாரம் மட்டும் எதுவும் கேட்காமல், ஷ்ரவ்யாவைத் தன் பேத்தியோடு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார். திருடர்கள் அகப்படவில்லை. தை மாதத்தில் இன்னொரு வீட்டு மோட்டார் போயிற்று. நாலு கம்ப விளக்கில் மூன்று எரிகிறது. நைனா நாலாவதற்கு அலைந்துகொண்டிருக்கிறார்.

எனக்கு இங்கே கணபதி ஏரியாவில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. போன மாதம் சேர்ந்தேன். நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சாயங்காலம் பஸ் வழியில் நின்றுவிட்டது. அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது மணி ஏழே முக்கால். வழக்கமாக ஆறரைக்கு வந்துவிடுவேன். தெருவில் திரும்பும்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. இருட்டுக்கு இல்லை, திருடனுக்கு இல்லை. பஸ் எங்கே நின்றது, எத்தனை நேரம் நின்றது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது, எல்லாவற்றையும் வாய்க்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தாட்சிக்கு இரண்டு பஸ் டிக்கெட்டையும் கைக்குள் மடித்து வைத்திருந்தேன்.

கேட்டைத் திறந்தேன். நைனா ஷ்ரவ்யாவுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டயா கண்ணு" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "தோசை ஊத்தட்டுமா, கை கழுவீட்டு வாரயா?" என்றாள். நான் அங்கேயே நின்றேன். இன்னும் ஏதாவது கேட்பார்கள் என்று நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஷ்ரவ்யா மட்டும், "அம்மா, கையில என்ன வெச்சிருக்கறீங்க?" என்றாள். விரித்துக் காட்டினேன். டிக்கெட் இரண்டும் வேர்வையில் நனைந்து எழுத்தே தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல சாமி" என்று கசக்கிப் போட்டுவிட்டு, கை கழுவப் போனேன்.

சித்திரையில் பொள்ளாச்சிக்கு வரும்போது இங்கே இரண்டு நாள் தங்காமல் போகக் கூடாது. அண்ணாவுக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை,
ரேணு